கிரேக்கப் புராணமும் கவிதையும்: தொடக்க வாசகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கக் காவியங்களுக்குள் புதிதாக நுழைவோருடன் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாசித்து வருகிறேன். ஒவ்வொரு குழுவும் ஏறத்தாழ அதே இடங்களில்தான் இடறுகிறது. பெயர்க் குழப்பங்கள் வாசிக்க வாசிக்கத் தாமே தெளிந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

வெவ்வேறு காலத்துக் கதைகளை ஒன்றாகக் கலப்பது

டிராய் போரைப் பாடும் ஹோமரின் ‘இலியட்’ காவியம் குறித்து அண்மையில் ஒரு மாணவர் எழுதிய நீண்ட கட்டுரை, தன் குதிகாலில் அம்பு பாயுமோ என்ற அச்சமே கிரேக்க மாவீரன் அக்கிலீஸைப் போரிலிருந்து விலக்கியது என்று வாதிட்டது. அவன் விலகியது, போர்ப் பரிசாகப் பெற்ற பிரிசெய்ஸ் என்ற பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் பறித்துக்கொண்ட அவமதிப்பால். காவியத்தின் 24 பாகங்களிலும் குதிகாலில் மட்டுமே அவனை ஆயுதம் துளைக்கும் என்ற கதை கிடையாது. 21ஆம் பாகத்தில் டிராய் தரப்பு வீரன் ஆஸ்டெரோபையஸின் ஈட்டி அவன் வலக்கையைக் கீறிக் குருதி பெருகுகிறது. 18ஆம் பாகத்தில் கொல்லர் கடவுள் ஹெஃபைஸ்டஸ் அவனுக்குப் புதிய கவசம் வார்க்கிறான். ஆயுதம் துளைக்காத உடலுக்குக் கவசம் எதற்கு? அக்கிலீஸின் தாயான கடல் தேவதை தீட்டிஸ் தன் மகனைப் பாதாள ஆறான ஸ்டிக்ஸில் முக்கியெடுத்த செய்தி, நமக்குக் கிடைத்துள்ள நூல்களில், ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் முதலில் வருகிறது.

இந்தப் பிழை இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம், அது காவியத்தின் உயிரையே போக்கிவிடுகிறது என்பதுதான். ஊர் திரும்பினால் நெடிய வாழ்வு, டிராயில் நின்று போரிட்டால் இளமையில் சாவும் அழியாப் புகழும் என்ற இரு வழிகளை 9ஆம் பாகத்தில் அக்கிலீஸ் தன் வாயாலேயே சொல்கிறான். ‘கிளியோஸ்’ எனப்படும் அந்தப் புகழ், எந்த ஈட்டியாலும் சாகக்கூடிய ஒருவன் அறிந்தே கொடுக்கும் விலையால்தான் பெருமை பெறுகிறது.

மெடூசாவுக்கும் இதே கதிதான். தொன்மைக் கிரேக்கக் கவிஞர் ஹெசியோடிடம் அவள் கார்கன்கள் எனும் அரக்கியருள் ஒருத்தியாகவே பிறந்தவள். தண்டனையால் கூந்தல் பாம்பாகிப்போன அழகி, பிற்கால ரோமானியக் கவிஞர் ஓவிட் காட்டுபவள். எந்தக் கவிஞரின் மெடூசா என்று குறிப்பிடாமல் அவளைப் பற்றி எழுதாதீர்கள்.

அடைமொழிகளுக்கெல்லாம் உட்பொருள் தேடுவது

முதல் பாகத்தில் கப்பல்களருகே சினத்தோடு அமர்ந்திருக்கும்போதும் அக்கிலீஸ் ‘விரைந்த பாதங்களை உடையவன்’தான். இத்தகைய அடைமொழிகள் யாப்புக்கு இசைந்த மரபுத் தொடர்கள் என்பதை ஹோமர் ஆய்வாளர் மில்மன் பாரி 1928ஆம் ஆண்டு ஆய்வேட்டில் விரிவாக நிறுவினார்.

மரக் குதிரையை ‘இலியட்’டில் தேடுவது

டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச் சடங்கோடு ‘இலியட்’ முடிந்துவிடுகிறது. கிரேக்கர் உள்ளே ஒளிந்திருந்து டிராயை வீழ்த்திய அந்தக் குதிரைக்கு ஹோமரின் மற்றொரு காவியமான ‘ஒடிசி’யின் 8ஆம் பாகத்தைப் பாருங்கள்.