சாலை ஒப்பந்த முறையைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

புதிய நெடுஞ்சாலைத் திட்டம் வந்தால் "இ.பி.சி.யா, ஹாமா, சுங்க பி.ஓ.டி.யா?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. இ.பி.சி. என்றால் அரசுப் பணத்தில் ஒப்பந்தக்காரர் வடிவமைத்துக் கட்டுவது. ஹாம் என்றால் செலவில் ஒரு பங்கைக் கட்டுமானத்தின்போதும் மீதியைப் பிறகு தவணையிலும் அரசு தருவது. சுங்க பி.ஓ.டி. என்றால் தனியார் தன் முதலீட்டில் கட்டி, சுங்கம் வசூலித்து அதை எடுத்துக்கொள்வது. அந்த ஆண்டு நிதி நிலைமையைப் பார்த்துப் பதிலும் சொல்லிவிடுகிறார்கள். டெண்டர் ஆவணங்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் நான் இதை ஏற்க மாட்டேன். எந்த ஆபத்தை யாரால் தடுக்க முடியும் என்று பார்த்த பிறகுதான் முறையைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் நிலம். கிலோமீட்டர் வாரியாக ஒரு தாள் போடுங்கள். 3ஏ அறிவிக்கை (நிலம் எடுக்கப் போவதாகச் சட்டப்படி சொல்வது) எப்போது வந்தது, 3டி (அந்த நிலம் அரசுக்கு உரியதாகிவிட்டது என்ற அறிவிப்பு) வந்துவிட்டதா, இழப்பீடு கைக்குப் போய்ச் சேர்ந்ததா, எங்கே கோயில், மயானம், மின்கோபுரம், குடிநீர்க் குழாய், வனத்துறை எல்லை என்று எல்லாம் அதில் இருக்கட்டும். 3ஏ வெளியாகி ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் அந்த அறிவிக்கையே செல்லாது. வேலையைத் தொடங்க ஹாம், பி.ஓ.டி.யில் 80 விழுக்காடு நிலமும் இ.பி.சி.யில் 90 விழுக்காடு நிலமும் வேண்டும் என்பது வழக்கம். இந்த விழுக்காட்டை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். விடுபட்ட நிலம் மேம்பாலம் வரும் இடத்தில் இருந்தால் மீதி நிலம் கையில் இருந்தும் சாலை திறக்காது.

எந்த முறையில் விட்டாலும் நிலமும் அனுமதியும் அரசின் பொறுப்புதான். சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலையைப் பாருங்கள். 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். தனியார் முதலீட்டில் தொடங்கிய வேலை, கூவம் ஆற்றில் தூண்கள் வருவது பற்றிய பிரச்சினையில் 2012இல் நின்றது. ஆற்றுக்கான அனுமதியை ஒப்பந்தக்காரரால் வாங்கித் தர முடியுமா? 2022இல் மறுபடியும் அடிக்கல் நாட்டி, ஈரடுக்குச் சாலையாக, இ.பி.சி. முறையில் எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது போக்குவரத்து. சுங்க பி.ஓ.டி. என்றால் வண்டி எண்ணிக்கை குறையும் ஆபத்து தனியாருக்குப் போகிறது. எதிர்பார்த்ததைவிடப் போக்குவரத்து குறைந்தால் தனியார் சுங்கம் வசூலிக்கும் சலுகைக் காலத்தை நீட்டித் தரும் விதி மாதிரி ஒப்பந்தத்தில் உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் வருமானம் கடைசி ஆண்டுகளில்தான் வரும். வங்கித் தவணையோ முதல் ஆண்டுகளில் கட்ட வேண்டியது. ஆகவே கணிப்பு அறிக்கையை மட்டும் நம்பாமல் லாரி ஓட்டுநர்களிடம் பேசுங்கள். சுங்கச்சாவடியைச் சுற்றிப் போக எந்த ஊர்ச்சாலை இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சாலையில் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஹாமில் அந்தக் கவலை ஒப்பந்தக்காரருக்கு இல்லை. சுங்கம் அரசுக்குப் போகிறது. திட்டச் செலவில் 40 விழுக்காட்டைக் கட்டும்போதே அரசு தரும். மீதி 15 ஆண்டுகளில் அரையாண்டுத் தவணைகளாக, வட்டியோடு வரும். இங்கே ஆபத்து அந்த வட்டியில்தான். தொடக்கத்தில் அது ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி அளவான வங்கி விகிதத்தோடு கட்டப்பட்டிருந்தது. 2020இல் அந்த விகிதம் இறங்கியபோது வரவேண்டிய வட்டியும் சேர்ந்து இறங்கியது. வாங்கிய கடனின் வட்டி அதே வேகத்தில் இறங்கவில்லை. பிறகு வந்த ஒப்பந்தங்களில் வங்கிகளின் கடன் வட்டி விகிதத்தையே அளவாக வைத்தார்கள்.

இ.பி.சி.யில் வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே கையில், முழு வேலைக்கும் முன்கூட்டியே பேசிய ஒரே மொத்த விலைக்கு. மண்ணும் பாறையும் சரியாகத் தெரிந்த சமவெளிச் சாலைக்கு நல்ல முறை. மண்சரிவுள்ள மலைப்பாதைக்கும் பழைய பாலப் பழுதுக்கும் நான் ஐட்டம் ரேட்டைத்தான், அதாவது செய்த வேலையை அளந்து ஒவ்வொன்றுக்கும் பேசிய விலையில் பணம் தரும் முறையைத்தான், சொல்வேன். தோண்டிப் பார்க்காமல் யாராலும் அளவு சொல்ல முடியாத வேலைக்கு மொத்த விலை கேட்டால், பயத்தையும் சேர்த்துத்தான் விலை போடுவார்கள். அப்புறம் இன்னொன்று: ஊர்க்காரர்கள் சுரங்கப்பாதை கேட்பது வேலை தொடங்கிய பிறகுதான். அதை முன்கூட்டியே போய்க் கேட்டு வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள். நடுவில் சேர்த்தால் செலவும் கூடும், வழக்கும் வரும்.

முறை முடிவானதும் நிலத்தாளை மறைக்காமல் டெண்டர் ஆவணத்தோடு இணையுங்கள். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எல்லாரும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால், "நிபந்தனைப்படி" என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். டெண்டர் தேதியைத் தள்ளி வைத்து, அந்த ஆபத்து யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதுங்கள்.