மறுகட்டமைப்பில் உள்ள கூடைப்பந்து அணி: புதிய சீசனை எதிர்நோக்கும் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட். 2023-ஆம் ஆண்டு டிராஃப்டில் பிரெஞ்சு வீரர் விக்டர் வெம்பன்யாமா முதல் வீரராகத் தேர்வானார். அடுத்த ஆண்டு முதல் இரண்டு இடங்களையும் பிரெஞ்சு வீரர்களே பிடித்தனர். பிரான்சில் உறவினர்கள் வாழும் குடும்பங்கள் நிறைந்த புதுச்சேரியில் இச்செய்திகள் கவனிக்கப்படாமல் போக வாய்ப்பில்லை. உப்பளத்திலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ மாலையில் பந்தாடிவிட்டு வியர்வை ஆற அமரும் இளைஞர்கள், இத்தகைய வீரர் ஒருவரைப் பிடித்துப்போய் அவர் ஆடும் அணியையும் தமதாக்கிக்கொள்கிறார்கள். ஆனால் டிராஃப்டின் முன்வரிசை இடங்கள் பெரும்பாலும் தோற்கும் அணிகளுக்கே கிடைப்பதால், இப்படி ரசிகரானவர் தம்மை அறியாமலேயே மறுகட்டமைப்பில் உள்ள, அதாவது இளம் வீரர்களைக் கொண்டு புதிதாகக் கட்டப்படும், ஓர் அணியின் ரசிகராகிவிடுகிறார். அக்டோபரில் சீசன் தொடங்கும்போது எதை எதிர்பார்ப்பது என்று தெரியாததால், டிசம்பர் முடிவதற்குள் மனம் கசந்து விலகுவோரும் உண்டு. அந்தக் கசப்பில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

ஐபிஎல் கண்ணாடி வழியாக என்பிஏவைப் பார்ப்பதுதான் நம் ஊரில் முதலில் நேரும் தவறு. 2020-இல் ஏழாம் இடத்தில் முடித்த சென்னை அணி 2021-இல் கோப்பையை வென்றதைப் பார்த்த நமக்கு, சரிவிலிருந்து ஓராண்டில் எழுவது இயல்பான ஒன்றாகத் தோன்றுகிறது. பதினான்கு லீக் ஆட்டங்களும் இருபது ஓவர்களும் கொண்ட போட்டியில் ஒரு நல்ல மாதம் ஓர் அணியைத் தூக்கி நிறுத்திவிடும். ஏலத்தில் அணியையே புதிதாக அமைத்துக்கொள்ளவும் முடியும். என்பிஏவில் 82 லீக் ஆட்டங்கள் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி ஏறத்தாழ நூறு முறை பந்தைக் கொண்டுசென்று தாக்குகிறது. பிளேஆஃபில் ஒரே எதிரணியை நான்கு முறை வெல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வாய்ப்புகளுக்கு இடையே அதிர்ஷ்டத்தின் பங்கு கரைந்துபோய் உண்மையான பலம் மட்டுமே எஞ்சுகிறது. ஏலமும் இல்லை, சம்பள வரம்பு, பல்லாண்டு ஒப்பந்தங்கள், டிராஃப்ட் ஆகிய மூன்றுக்குள்ளேதான் அணியைக் கட்ட வேண்டும் என்பதால் அதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன.

தோல்வியையே ஒரு வழிமுறையாக நம்புவது இதைவிட ஆழமான தவறு. ‘இந்த ஆண்டு எல்லாவற்றிலும் தோற்கட்டும், முதல் இடம் நமக்கே’ என்று பேசும் ரசிகர் டிராஃப்டின் முன்வரிசை இடங்களை முடிவுசெய்யும் குலுக்கலான லாட்டரியின் கணக்கைப் பார்ப்பதில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 விழுக்காடு மட்டுமே. சீசனைக் கடைசி இடத்தில் முடித்த அணியும் டிராஃப்ட் வரிசையில் ஐந்தாம் இடம் வரை தள்ளப்படலாம். 2024-25 சீசனில் 17 ஆட்டங்களை மட்டுமே வென்று கடைசியில் முடித்த யூட்டாவுக்கு நேர்ந்தது அதுவே. 39 வெற்றிகளோடு முடித்து, 1.8 விழுக்காடு வாய்ப்பே பெற்றிருந்த டல்லாஸ் முதல் இடத்தைப் பெற்று கூப்பர் ஃபிளாக்கைத் தேர்ந்தெடுத்தது.

லாட்டரி கைகொடுத்தாலும் போதாது என்பதற்குப் பிலடெல்ஃபியா சான்று. அவ்வணி 2013-14 முதல் மூன்று சீசன்களில் முறையே 19, 18, 10 ஆட்டங்களையே வென்றது. அக்காலத் தோல்விகளின் பயனாக எம்பீட், ஒகஃபோர் ஆகியோரை மூன்றாம் இடத்திலும், சிம்மன்ஸை முதல் இடத்திலும் பெற்றது. 2017-இல் பாஸ்டனுடன் இடத்தை மாற்றிக்கொண்டு ஃபல்ட்ஸையும் முதல் இடத்தில் தேர்ந்தெடுத்தது. எம்பீட் காயத்தால் முதல் இரண்டு சீசன்களையும், சிம்மன்ஸ் முதல் சீசனையும் முழுமையாக இழந்தனர். ஃபல்ட்ஸ் அங்கே நிலைக்கவே இல்லை. 2017-18-இல் அணி 52 ஆட்டங்களை வென்றது உண்மைதான். ஆனால் அந்தத் தலைமுறையால் பிளேஆஃபின் இரண்டாம் சுற்றைக் கடக்க முடியவில்லை. மறுபுறம் 2025-இல் கோப்பையை வென்ற ஓக்லஹோமா சிட்டியைப் பாருங்கள். ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்து நடந்த வீரர் பரிமாற்றத்தில் வந்தவர். ஜேலன் வில்லியம்ஸ் 2022-இல் பன்னிரண்டாம் இடத்தில் தேர்வானவர். லூ டார்ட் டிராஃப்டில் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாதவர். முன்வரிசையில் வந்தவர் இரண்டாம் இடத்தில் தேர்வான செட் ஹோம்கிரென். அவரும் காயத்தால் முதல் சீசனில் ஆடவில்லை. ஆக, தம் அணி எத்தனை ஆட்டங்களில் தோற்றது என்று எண்ணும் ரசிகர், பன்னிரண்டாம் இடத்து வீரரை அந்த அணி எப்படி வளர்க்கிறது என்று பார்த்தால் எதிர்காலத்தை இன்னும் தெளிவாக அறிவார். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

புதுமுக வீரர் வந்தவுடன் வெற்றிகளும் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் கூடாது. சான் அன்டோனியோ வெம்பன்யாமா வருவதற்கு முந்தைய சீசனில் 22 ஆட்டங்களை வென்றது. அவர் ஆடிய முதல் சீசனிலும் 22 ஆட்டங்களையே வென்றது. அவரோ அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாக ஒருமனதாகத் தேர்வானவர். அந்த சீசனின் தொடக்கத்தில் ஜெரமி சோஹனைப் பந்து கொண்டுசெல்லும் பாயின்ட் கார்டாக ஆடவைத்துப் பார்த்தார்கள். வெம்பன்யாமாவை டிசம்பரில்தான் கூடையருகே ஆடும் சென்டராக மாற்றினார்கள். இப்படிச் சோதித்துப் பார்க்கும்போது ஆட்டங்கள் கைநழுவவே செய்யும். வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு அது வீணான ஆண்டாகத் தெரிந்திருக்கும். அடுத்த சீசனில் வெற்றிகள் 34 ஆயின.

வெற்றி எண்ணிக்கையை விட்டால் வேறு எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு எளிய விடை புள்ளி வித்தியாசம். 2022-23-இல் ஓக்லஹோமா சிட்டி 40 வெற்றி, 42 தோல்வி என்று முடித்தது. ஆயினும் அந்த சீசன் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் எதிரணிகளைவிட ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு புள்ளிக்குச் சற்று அதிகமாகவே எடுத்திருந்தது. அடுத்த சீசனில் 57 வெற்றிகள், அதற்கடுத்ததில் 68. சிறு இடைவெளியில் தோற்கத் தொடங்குவது, இருபது புள்ளிகளில் தோற்றுக்கொண்டிருந்த அணி அடையும் உண்மையான முன்னேற்றம்.

நம் இருப்பிடத்தால் நேரும் தவறு ஒன்றும் உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அக்டோபரில் அதிகாலை நாலரைக்கும், நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரம் மாற்றப்பட்ட பிறகு ஐந்தரைக்கும் வருகிறது. மேற்குக் கரை ஆட்டங்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் கிளம்பும் வேளையில் நடக்கின்றன. ஆகவே நம்மில் பலர் பத்து நிமிடச் சுருக்கக் காணொளியோடு நிறுத்திக்கொள்கிறோம். அதில் இளம் வீரர் எம்பிப் பந்தைக் கூடைக்குள் திணிக்கும் டங்க் இருக்கும். பந்தைப் பறிகொடுத்த பிறகு அவர் தற்காப்புக்குத் திரும்பி ஓடினாரா, சக வீரர் ஏமாந்த இடத்தை அடைக்க நகர்ந்தாரா, எதிராளியின் வழியை மறிக்கும் ஸ்கிரீனைச் சரியான கோணத்தில் நின்று போட்டாரா என்பவை இருக்காது. மறுகட்டமைப்பில் உள்ள அணி கற்றுக்கொள்ள வேண்டியவை பெரும்பாலும் இவையே. எல்லா ஆட்டங்களையும் பார்க்க இயலாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஓர் ஆட்டத்தை முழுவதுமாகப் பார்ப்பது, வாரம் முழுவதும் பார்த்த துணுக்குகளைவிட அணியைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஜூலையில் லாஸ் வேகாஸில் நடக்கும் சம்மர் லீக் ஆட்டங்களைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அங்கே எதிரே நிற்பவர்களில் பலர் அக்டோபரில் என்பிஏவில் இருக்கவே மாட்டார்கள்.

அனுபவ வீரர்களை ‘இளைஞர்களின் இடத்தை அடைப்பவர்கள்’ என்று வெறுப்பதும் சரியன்று. 2023-24-இல் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்று, 14 வெற்றிகளோடு முடித்த டெட்ராய்ட் அடுத்த சீசனில் 44 ஆட்டங்களை வென்றது. கேட் கன்னிங்ஹாமின் வளர்ச்சி இதில் முதன்மையானது. புதிய பயிற்சியாளர் பிக்கர்ஸ்டாஃபும், டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் ஆகியோரின் வருகையும் அவருக்குக் களத்தில் தேவையான இடைவெளியையும் ஒழுங்கையும் தந்தன. ஹூஸ்டனும் 2023-இல் உடோகாவைப் பயிற்சியாளராக்கி, ஃப்ரெட் வான்வ்ளீட்டைச் சேர்த்த பிறகே 22 வெற்றிகளிலிருந்து 41-க்கு உயர்ந்தது.

அதே அனுபவ வீரர்கள் வீரர் பரிமாற்றத்துக்கான பிப்ரவரிக் கெடுவுக்குள் வேறு அணிக்குக் கொடுக்கப்படலாம் என்பதையும் முன்கூட்டியே மனத்தில் கொள்வது நல்லது. அதன்பின் மார்ச், ஏப்ரல் ஆட்டங்களில் வரும் வெற்றி தோல்விகளுக்குப் பொருள் குறைவு. பிளேஆஃபை உறுதிசெய்த அணிகள் தம் முன்னணி வீரர்களுக்கு ஓய்வளிக்கின்றன, தோற்கும் அணிகளோ இளைஞர்களை மட்டும் இறக்குகின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரையிலான ஆட்டங்களைக் கொண்டே இளம் வீரரை மதிப்பிடுங்கள். நிர்வாகம் அவரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அதற்கும் முன்பே அறியலாம்: முதல் சுற்றில் தேர்வானவர்களின் ஒப்பந்தத்தில் மூன்றாம், நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பத்துக்கு உட்பட்டவை, அவற்றை நீட்டிப்பதா வேண்டாமா என்ற அறிவிப்புகள் அக்டோபர் முடிவதற்குள், சீசனின் முதல் சில ஆட்டங்களோடு சேர்ந்தே வெளிவந்துவிடும்.