அமெரிக்க ரெசிடென்சி மேட்ச்: ரேங்க் லிஸ்ட் போடுவது எப்படி, இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது

ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள்) முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்று நிற்கும் நம்மூர் எம்.பி.பி.எஸ் டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். பரீட்சைக்குப் படிப்பது பற்றி இதில் எதுவும் கிடையாது. ரெசிடென்சி என்றால் அங்கே மருத்துவப் படிப்புக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சி. நீங்களும், பயிற்சி தரும் ப்ரோக்ராம்களும் தனித்தனியே தரும் விருப்ப வரிசைகளை (ரேங்க் லிஸ்ட்) கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்குவதுதான் மேட்ச்.

படி 1: இரண்டு இடத்தில் பதிவு

விண்ணப்பம் போவது பெரும்பாலும் ஈராஸ் என்ற இணையதளம் வழியாக. மேட்சை நடத்துவது என்.ஆர்.எம்.பி. ஈராஸில் பணம் கட்டினால் மேட்சிலும் சேர்ந்ததாக ஆகாது, தனியாகப் பதிய வேண்டும். ஈராஸில் பதிவதற்கான டோக்கனை ஈ.சி.எஃப்.எம்.ஜி-யிடம் (வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளின் தகுதியைச் சரிபார்க்கும் அமைப்பு) வாங்குங்கள். செப்டம்பரில் விண்ணப்பம், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இன்டர்வியூ.

படி 2: எங்கே அப்ளை செய்வது

பணம் வாங்கிக்கொண்டு "லிஸ்ட்" தருகிறவர்களிடம் போகாதீர்கள். ப்ரோக்ராம் விவரங்களைத் தேட ஃப்ரெய்டா, ரெசிடென்சி எக்ஸ்ப்ளோரர் என்ற தளங்கள், குறித்துவைக்க ஒரு கூகுள் ஷீட் இருந்தால் போதும். ஷீட்டில் முதல் கட்டம் விசா: ஜே-1 (பரிமாற்றப் பயிற்சி விசா) மட்டுமா, எச்-1பி-யும் (வேலை விசா) உண்டா? எச்-1பி என்றால் உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும். 'இந்த இடத்தில் எனக்கு விருப்பம் அதிகம்' என்று ப்ரோக்ராமுக்குத் தெரிவிக்கும் குறிதான் சிக்னல். இன்டர்னல் மெடிசினில் 3 தங்க சிக்னல், 12 வெள்ளி சிக்னல் தருகிறார்கள். உங்கள் விசாவையே எடுக்காத இடத்துக்குத் தங்கத்தை வீசாதீர்கள்.

படி 3: ரேங்க் லிஸ்ட்

எல்லோரும் குழம்புவது இங்கேதான். "பெரிய இடத்தை முதலில் போட்டால், கிடைக்கக்கூடிய இடமும் கைவிட்டுப் போய்விடுமே?" என்ற பயம். போகாது. கணக்கைப் பாருங்கள்.

ப்ரூக்ளினில் ஒரு இடம், டெட்ராய்ட்டில் ஒரு இடம். முரளியும் கவிதாவும் ப்ரூக்ளினை முதலிலும் டெட்ராய்ட்டை இரண்டாவதாகவும் போடுகிறார்கள். செல்வம் டெட்ராய்ட் மட்டும். ப்ரூக்ளின் லிஸ்டில் கவிதா, பிறகு முரளி. டெட்ராய்ட் லிஸ்டில் முரளி, பிறகு செல்வம்.

கம்ப்யூட்டர் ஒவ்வொருவராக எடுக்கிறது. முதலில் முரளிக்கு ப்ரூக்ளினும் செல்வத்துக்கு டெட்ராய்ட்டும் தற்காலிகமாகக் கிடைக்கின்றன. கவிதா வந்ததும் ப்ரூக்ளின் முரளியை இறக்கிவிடுகிறது. முரளி டெட்ராய்ட்டுக்குப் போகிறார். செல்வம் அதை முதலாவதாகப் போட்டவர்தான், ஆனாலும் டெட்ராய்ட் முரளியை மேலே வைத்திருப்பதால் செல்வம் வெளியே. ப்ரூக்ளினுக்கு ஆசைப்பட்டதில் முரளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

1998 முதல் இந்த அல்காரிதம் விண்ணப்பிப்பவர் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஆகவே மனசுக்குப் பிடித்த வரிசையிலேயே போடுங்கள். "உங்களை மேலே வைத்திருக்கிறோம்" என்று ப்ரோக்ராமிலிருந்து வரும் இனிப்பான ஈமெயிலை நம்பி வரிசையை மாற்றாதீர்கள். இன்டர்வியூவுக்கே கூப்பிடாத இடத்தைச் சேர்ப்பதால் பயனில்லை. கடைசியாக 'சர்டிஃபை' பட்டன். வரிசையை மாற்றினால் மறுபடி அழுத்த வேண்டும்.

படி 4: மார்ச், மேட்ச் வாரம்

எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். இடம் உண்டா இல்லையா என்பது திங்களன்றே, நம்மூரில் சாயங்காலம் ஆகும்போது வந்துவிடும். இல்லை என்றால் மீதமிருக்கும் இடங்களை நிரப்பும் 'சோப்' அன்றே தொடங்குகிறது. காலியிடப் பட்டியல் வரும், மொத்தம் 45 விண்ணப்பங்கள்தான் அனுப்பலாம். ப்ரோக்ராம் கூப்பிடும் வரை நீங்களோ உங்களுக்காக வேறு யாருமோ போன் செய்யக் கூடாது, அது விதிமீறல். வியாழக்கிழமை ஆஃபர்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். வேண்டாமென்று விட்டால் அந்த ப்ரோக்ராமிலிருந்து இன்னொரு ஆஃபர் வராது, ஏற்றுக்கொண்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். ஃபேமிலி மெடிசின், ப்ரிலிமினரி சர்ஜரி (ஒரு வருட அறுவை சிகிச்சைப் பயிற்சி) போன்றவற்றுக்கான பர்சனல் ஸ்டேட்மென்டை (உங்களைப் பற்றிய கட்டுரை) பிப்ரவரியிலேயே எழுதி வையுங்கள். அந்தத் திங்கட்கிழமை கை ஓடாது.

படி 5: அதிலும் கிடைக்கவில்லை என்றால்

2024-ல் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் சுமார் 58 சதவீதம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. நல்ல டாக்டர்கள் நிறையப் பேர் வெளியே நிற்கும் ஏற்பாடு இது.

முதல் வாரம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்யுங்கள். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை அக்காவிடமோ தம்பியிடமோ விட்டுவிடுங்கள். தூக்கம் போய், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். டாக்டர் என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.

பிறகு ஷீட்டைத் திறங்கள். இன்டர்வியூவே வரவில்லையா? சிக்கல் அப்ளிகேஷனில்: விசா, சிபாரிசுக் கடிதங்கள், எங்கே போட்டீர்கள் என்பது. நிறைய இன்டர்வியூ வந்தும் கிடைக்கவில்லையா? பேச்சைப் பாருங்கள், ரேங்க் செய்யாமல் விட்ட இடங்களையும் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. எதுவானாலும் நோயாளிகளைப் பார்க்கும் வேலையை விடாதீர்கள். படித்து முடித்த வருடம் தள்ளிப்போகப் போகப் பல இடங்கள் வடிகட்டுகின்றன, இடைவெளி அதைவிட மோசம். ஸ்டெப் 3 எழுத இது நல்ல நேரம்.

பின்சேர்க்கை: கணவன் மனைவி இருவரும் விண்ணப்பித்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். 'கப்பிள்ஸ் மேட்ச்' இருக்கிறது, இடங்களை ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்த வேண்டும். இருவருக்கும் சேர்ந்து கிடைத்தால்தான் அந்த ஜோடி செல்லும். அதனால் கடைசியில் 'ஒருவருக்கு இடம், மற்றவருக்கு இல்லை' என்ற ஜோடிகளையும் போடலாமா என்று முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். ரேங்க் லிஸ்ட் கெடு அன்றைக்கு ராத்திரி பேச வேண்டிய விஷயம் இல்லை அது.