உதவி வாங்குகிறவர் தலை குனியாமல் இருக்க: இரக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலை வைக்கும்போதே ஆலயத்துக்கென்று கைப்பிடி அரிசி எடுத்து வைத்துப் பழகிய வீடுகள் திருநெல்வேலிச் சீமையில் ஏராளம். கொடுக்க நமக்கு மனசு உண்டு. அப்படியிருந்தும் நம்மிடம் உதவி வாங்கியவர்கள் பல நேரம் நொந்து போகிறார்கள். கொடுத்த பொருளால் அல்ல, கொடுத்த விதத்தால்.

அதிகம் காயப்படுத்துவது ஜெபக் குறிப்புதான். "இன்னார் வீட்ல கடன் தொல்ல, மக கல்யாணமும் நின்னு போச்சு, ஜெபிச்சுக்கிடுங்க" என்று சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். சாயங்காலத்துக்குள் அது தெருப்பேச்சு ஆகிவிடும். நம்பிச் சொன்னவர் அதற்குப்பின் யாரிடமும் வாய் திறக்கமாட்டார். "இத நம்ம சபை ஐயர்ட்ட மட்டும் சொல்லட்டுமா?" என்று போதகரிடம் போகுமுன் அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் வீட்டு ஜெபத்தோடு நிற்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு ஏழைக் குடும்பங்களைப் பேர் சொல்லி முன்னால் அழைத்துச் சேலை கொடுத்துப் படம் எடுப்பதும் இதே வகைதான். மத்தேயு 6ஆம் அதிகாரம் வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்கிறது. மளிகைக்கடை அண்ணாச்சியின் பற்று நோட்டில் அந்த வீட்டுப் பாக்கியை அடைத்துவிட்டு, யார் என்று சொல்லவேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளலாம். ஆலயத்தில் நாம் வைக்கும் பொது விருந்தான அசனத்தைப் பாருங்கள்: எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம், யாருக்குப் பசி என்று யாரும் விசாரிப்பதில்லை.

கூலி விஷயத்தில் கவனம் வேண்டும். சித்தாளுக்கும் களையெடுக்க வந்த அக்காவுக்கும் "சனிக்கிழம மொத்தமா வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு, வருஷக் கடைசியில் சேலை எடுத்துக் கொடுத்தால் அது இரக்கம் ஆகாது. உபாகமம் 24:15 அன்றைய கூலியைப் பொழுது அடையுமுன் கொடுக்கச் சொல்கிறது. அவன் ஏழை, அதையே எதிர்பார்த்திருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. அதே அதிகாரத்தில், அடகு வாங்கப் போனவன் கடன்காரன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும். கொடுத்த கடனைப் பிள்ளைகள் காதில் விழும்படி கேட்கிறவர்கள் இதை வாசிக்கவேண்டும்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோன நல்ல சமாரியன் கதையை இயேசு சொன்னார்; அதில் நாம் மறந்துவிடுவது மறுநாளை. காயம் கட்டியதோடு அவன் போய்விடவில்லை. மறுநாள் சத்திரக்காரனிடம் 2 பணம் கொடுத்தான். மத்தேயு 20இல் ஒரு நாள் கூலி ஒரு பணம். ஆக, இரண்டு நாள் கூலி. மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றான். நாமோ ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு முதல் நாள் ஆப்பிளும் ரொட்டியுமாகக் கூட்டமாய்ப் போகிறோம், நாலாம் நாள் எட்டிப் பார்ப்பதில்லை. நாலு வீடு சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள்: ஒருவர் காலைக் கஞ்சி, ஒருவர் ராத்திரித் துணை, ஒருவர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப, ஒருவர் வீட்டுக்கு அனுப்பியபின் மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போக. கட்டிலருகே பத்து நிமிஷம் போதும். வியாதிக்கு எந்தப் பாவம் காரணம் என்று ஆராயவேண்டாம். துன்பத்தில் கிடந்த யோபுவின் சிநேகிதர் 7 நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது; வாய் திறந்து அவர்மேல் குற்றம் தேடியபோதுதான் கெட்டது.

கடைசியாக ஒன்று, இதில் தவறினால் உயிரே போகும். அடிபட்டு வந்த பெண்ணிடம் "இயேசுவே மன்னிச்சாரே, நீயும் பொறுத்துக்கோம்மா" என்று அன்றைக்கே திருப்பி அனுப்பாதீர்கள். மன்னிப்பது வேறு, அதே வீட்டுக்குத் திரும்புவது வேறு. கணவனையும் சேர்த்து உட்காரவைத்துச் சமாதானம் பேசினால், அவன் முன்னால் அவர் உண்மையைச் சொல்லமாட்டார். தனியாகக் கேளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098. ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், மருந்து கையில் இருக்கிறதா என்று பாருங்கள். காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. அங்கே "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லச் சொல்லாதீர்கள். டாக்டர் எழுதும் அந்தச் சீட்டு பின்னால் அவருக்கு வேண்டியிருக்கும்.