முதியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால்: வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலையில் பாத்ரூம் போன பாட்டி படி தடுக்கி விழுந்தார். தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தோம். வலது பாதம் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கால் ஒரு விரற்கடை குட்டையாகவும் தெரிந்தது. நாங்கள் தைலம் தேய்த்தோம். அதுதான் முதல் தவறு. விழுந்தவரின் கால் இப்படித் தெரிந்தால் சுளுக்கு என்று நினைக்காமல் எக்ஸ்ரே எடுக்க ஓடுங்கள். சிலருக்கு முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு, நொண்டி நொண்டி நடக்கக்கூட முடியும். எக்ஸ்ரேயிலும் சில நேரம் பிடிபடாது. வலி போகாவிட்டால் எம்.ஆர்.ஐ. வரை போகத்தான் வேண்டும்.

அடுத்து வரும் பேச்சு, "82 வயசுல ஆபரேஷனா? படுக்கவெச்சே பாத்துக்கலாம்." எங்கள் மாமாவும் இதையேதான் சொன்னார். கேட்க அக்கறை மாதிரிதான் இருக்கும். ஆனால் அசைந்தாலே வலிப்பதால் முதியவர் புரளக்கூட மாட்டார். நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, முதுகில் புண் என்று ஒவ்வொன்றாக வரும். வலி குறைந்து அவர் எழுந்து உட்கார வேண்டும் என்பதற்காகவே ஆபரேஷன். இதயமோ நுரையீரலோ ரொம்ப மோசமானால் விதிவிலக்கு உண்டு. அதை மயக்க மருந்து டாக்டர் சொல்லட்டும், மாமா வேண்டாம்.

மாவுக்கட்டும் நாட்டுக்கட்டும் இந்த இடத்தைப் பிடித்து நிறுத்தாது. தொடை எலும்பின் மேல்முனை, இடுப்புக் குழிக்குள் பொருந்தும் பந்து போல இருக்கும்; அதற்குக் கீழே உள்ள கழுத்து விலகி முறிந்தால் பந்துக்குப் போகும் ரத்தமே தடைபடலாம். அதனால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் பந்தையே மாற்றுவார்கள். அதற்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தால் உலோக ராடோ பிளேட்டோ வைப்பார்கள்.

சரி என்று ஒத்துக்கொண்ட பிறகும் நாள் ஓடும். துபாயிலிருந்து தம்பி வரட்டும், அஷ்டமி நவமி கழியட்டும் என்பார்கள். பிரிட்டனில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும் என்பதே வழிகாட்டுதல். ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவை என்றால் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மாத்திரை டப்பாவையே கையோடு கொண்டுபோங்கள்.

ஆபரேஷன் முடிந்த இரவு பாட்டி என்னைப் பார்த்து, "மாடு அவுத்துக்கிட்டுப் போகுது, பிடிடா" என்றார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தோம். முதியவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். பெரும்பாலும் சில நாளில் தெளியும். நாங்களோ மூக்குக் கண்ணாடி, காது மிஷின், பல் செட் மூன்றையும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். கண்ணாடியை மாட்டி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்ததும் கொஞ்சம் நிதானமானார்.

மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வாக்கரோடு வருவார். "ரெண்டு நாள் போகட்டுமே" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

அப்புறம், எல்லாரும் மறப்பது எலும்பு மெலிவுக்கான மருந்து. நின்ற இடத்தில் விழுந்தே முறிந்தது என்றால் மற்ற எலும்புகளும் அப்படித்தான் இருக்கும். ஆண்டுக்கொரு முறை போடும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசியால் அடுத்தடுத்த முறிவுகள் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். பாட்டியின் டிஸ்சார்ஜ் சீட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தையல் பிரிக்கப் போனபோது கேட்டோம். அப்போதுதான் எழுதிக் கொடுத்தார்கள்.