கொல்லையில் கொட்டகையா? முதலில் மூலையைப் பாருங்கள்

வீட்டுக்குப் பின்னால் சாமான் போட்டுவைக்க ஒரு சின்னக் கொட்டகை கட்ட, வீட்டு ஆட்கள் நான்கு பேர் போதும். ஆனால் குழி தோண்டுவதற்கு முன் அரை மணி நேரத்தை மூலைகளுக்கு ஒதுக்குங்கள்.

8 அடிக்கு 6 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்து நூல் கட்டுங்கள். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக டேப்பைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் சரியாக 10 அடி வர வேண்டும். ஒன்று 9 அடி 11 அங்குலம், மற்றது 10 அடி 1 அங்குலம் என்றால் கட்டம் கோணியிருக்கிறது. ஒரு பக்கத்துக் குச்சிகள் இரண்டையும் அந்தப் பக்கத்து நூலின் போக்கிலேயே, நீண்ட குறுக்கு குறையும் திசையில் கொஞ்சம் நகர்த்துங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் விட்டோம். கடைசியில் கூரைத் தகடு ஒரு ஓரத்தில் மூன்று விரல் அகலம் துருத்திக்கொண்டு நின்றது!

டேப்பின் முனையைப் பிடிக்கப் பிள்ளைகளே போதும், சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். தூண் நிறுத்தும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அடுத்தடுத்த இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு (நூலில் தொங்கும் எடைக்குண்டு) வைத்து, தூண் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்கட்டும். தகடு ஏற்றுவது மட்டும் பெரியவர்கள் வேலை. காற்றில்லாத நேரமாகப் பார்த்து, கையுறை போட்டுக்கொண்டு ஏற்றுங்கள். அதன் விளிம்பு கத்தி மாதிரி.