பழைய கடனைத் தொடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். "அண்ணா, வசூல் ஆள் வீட்டுக்கே வந்துட்டாரு. ஆயிரத்து ஐநூறு கொடுத்து அனுப்பிட்டேன். இனி ஆறு மாசத்துக்குத் தொல்லை இருக்காது" என்று நிம்மதியாகச் சொல்லி, சட்டைப் பையில் இருந்து மடித்த தாளை எடுத்தார். விரித்துப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பல வருடம் முன்பு கல்மண்டபத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் நான் கையெழுத்துப் போட்டதும் இதே மாதிரி ஒரு தாளில்தான்.

நான் தம்பு செட்டித் தெருவில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அதற்கு முன் எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடை வைத்துக் கடனில் விழுந்தவன். தவணையை நேரத்துக்குக் கட்டுங்கள், ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஏழு வருடத்தில் தானாக அழிந்துவிடும் என்று காத்திருப்பது

அமெரிக்காவில் பெரும்பாலான கெட்ட கடன் பதிவுகளை ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரின் கடன் அறிக்கையில் காட்டக் கூடாது. அது அவர்கள் சட்டம். அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் அப்படித்தான் என்று நம்புகிறார்கள். இங்கே சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நான்கு நிறுவனங்களும் தகவலைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அது கீழ் வரம்பு, மேல் வரம்பு இல்லை. தவிர, கணக்கு முடியாத வரை வங்கி நிலுவையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அறிக்கையில் மாதவாரித் தாமதம் 36 மாதம்தான் தெரியும். ஆனால் 'ரிட்டன் ஆஃப்' என்ற சொல்லும் பாக்கித் தொகையும் அதற்குப் பிறகும் நிற்கும். ரிட்டன் ஆஃப் என்றால் தள்ளுபடி என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. நீங்கள் தர வேண்டிய பணம் அப்படியே இருக்கிறது.

ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்து ஆளை அனுப்பிவைப்பது

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வழக்குப் போட எத்தனை நாள் அவகாசம் என்று சொல்லும் 1963-ஆம் வருட லிமிடேஷன் சட்டப்படி, ஈடு இல்லாத கடனுக்கு மூன்று வருடம். தவணைக் கடன் என்றால் பொதுவாகத் தவணை தவறியதில் இருந்து எண்ணுவார்கள். பத்திரத்தில் உள்ள வாசகத்தைப் பொறுத்துத் தொடக்க நாள் மாறும். அந்த மூன்று வருடத்துக்குள் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றில் இருந்து புதிதாக மூன்று வருடம். அது 18-ஆம் பிரிவு. ஒரு பகுதி பணம் கட்டி, கட்டியதற்கு உங்கள் கையெழுத்தில் அத்தாட்சி இருந்தாலும் அப்படியே. அது 19-ஆம் பிரிவு.

புரோநோட்டு எழுதி வட்டிக்கு விடுகிறவர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மூன்றாவது வருடம் முடியும் நேரத்தில் வந்து நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வங்கியின் வசூல் ஆள் செய்வதும் அதே வேலைதான்.

என் கதையில், 2013 ஜூனில் தவணை நின்றது. 2016 ஏப்ரலில், அதாவது அவகாசம் முடிய இரண்டே மாதம் இருக்கும்போது, ஆள் வந்தார். மரியாதையாகப் பேசினார். "சார், ரெண்டாயிரம் மட்டும் போடுங்க, ஃபைலைத் தள்ளி வைக்கிறேன்" என்றார். ரசீதுப் புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். ரசீதுக்கு அடியில் இன்னொரு தாள். மேலே நிலுவை 1,40,000 என்று டைப் செய்திருந்தது, கீழே 'சரியென ஒப்புக்கொள்கிறேன்'. டீ டம்ளரை அதன் மேல் வைத்துக்கொண்டு நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். 2018-இல் சம்மன் வந்தபோது வழக்கு மனுவோடு இணைத்திருந்த முதல் ஆவணம் அதுதான். டம்ளர் வட்டம்கூட நகலில் தெரிந்தது. வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 2,30,000 கட்டி முடிக்க 2021 ஆனது.

வாங்கிய கடனைக் கட்டாதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. நானும் கட்ட நினைத்தவன்தான். ஆனால் அந்த ரெண்டாயிரம் அசலில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கவில்லை, அபராத வட்டியில் போய்விட்டது. வங்கிக்கு மூன்று வருடம் கிடைத்தது, எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, எவ்வளவு கொடுத்தால் கணக்கு முடியும் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்கலாம். இன்றைக்கும் அந்தப் பெஞ்சைத் தாண்டும்போது கோபம் வருகிறது.

இன்னொன்று. மூன்று வருடம் தாண்டிய பிறகு வெறுமனே ஒரு தொகை கட்டினால் அவகாசம் திரும்பி வராது. ஆனால் 'மீதியைக் கட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி அது புது ஒப்பந்தம். செத்த கடனுக்கு நீங்களே உயிர் கொடுக்கிறீர்கள்.

கொரோனாவைக் கணக்கில் சேர்க்காதது

15.3.2020 முதல் 28.2.2022 வரையான நாட்களை லிமிடேஷன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 ஜனவரியில் தவணை தவறியவர் 2022 ஜனவரியில் முடிந்தது என்று நினைத்திருப்பார். உண்மையில் 2023 டிசம்பர் வாக்கில்தான் முடிந்தது.

அவகாசம் முடிந்தால் கடனே இல்லை என்று நினைப்பது

கோர்ட்டுக்குப் போகும் வழிதான் மூடுகிறது, கடன் இருக்கிறது. அதே வங்கியில் ஈடாக வைத்த டெபாசிட்டில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டை அடமானம் வைத்த கடனுக்கு அவகாசமே பன்னிரண்டு வருடம்.

சம்மனை வாங்காமல் ஒளிந்துகொள்வது

போய் நில்லுங்கள். நீங்கள் போகாமல் ஒருதலையாக டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, ஆகிவிட்டால் அதை நிறைவேற்ற அவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் அவகாசம்.

லோக் அதாலத்தில் அவசரக் கையெழுத்து

லோக் அதாலத் என்பது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம். அங்கே போடும் சமரசம் டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. நல்ல இடம்தான், மாதாமாதம் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

'செட்டில்ட்' என்பதையும் 'க்ளோஸ்ட்' என்பதையும் ஒன்றாக நினைப்பது

முழுதாகக் கட்டினால்தான் 'க்ளோஸ்ட்'. குறைத்துக் கட்டி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்ட்' என்று விழும். அடுத்த கடன் கேட்கும்போது அது உறுத்தும். எப்படி முடித்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் வங்கியின் கடிதம், கொடுத்த பின் நிலுவை இல்லை என்ற சான்று, இரண்டையும் வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நிறுவனமும் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்து புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால், நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. காசிமேட்டுப் பக்கம் குழுக்கடன் வாங்கிய அக்காக்களே, உங்கள் கடனும் இந்த அறிக்கையில் ஏறுகிறது.

ஜாமீன் கையெழுத்து

அதுவும் உங்கள் கடன்தான்.

தம்பியின் தாளில் 'மீதித் தொகையை மூன்று மாதத்தில் செலுத்துகிறேன்' என்று இருந்தது, கீழே அவர் கையெழுத்து. கடைசித் தவணை 2019-லா 2022-லா என்று அவருக்கே நினைவில்லை. வங்கியில் இருந்து முழு ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொண்டு வரும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை யார் வந்து எதை நீட்டினாலும் பேனாவை எடுக்க வேண்டாம் என்றும்.